விமானம் இறங்கிய பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போவது பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடிதம் எழுதியவர்களில் பலர் விமானம் தரையைத் தொடும் நேரத்தை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள். வாசலைத் தாண்டி வெளியே வரும் நேரத்தை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கடைசி ரயில் போய்விடுகிறது, டாக்ஸி வரிசை நீள்கிறது, அழைக்க வந்தவர் திரும்பிப் போய்விடுகிறார்.

கேள்வி: இரவு 10.50-க்குப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. நகருக்குள் போகும் கடைசி ரயில் 11.45-க்கு. வெளிநாட்டுப் பயணம், பெரிய பெட்டி ஒன்று உண்டு. ரயிலை நம்பலாமா?

நம்ப வேண்டாம். டிக்கெட்டில் போட்டிருக்கும் 10.50, விமானம் ஓடுபாதையைத் தொடும் நேரமல்ல. நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்க வேண்டிய நேரம். உங்கள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கதவு திறந்து, பின்வரிசையில் இருப்பவர் வெளியே வர 10, 15 நிமிடம் ஆகும். விமானம் கட்டடத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றால் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அதற்கு இன்னொரு 10, 15 நிமிடம். பெரிய நிலையங்களில் குடியேற்றச் சோதனை நடக்கும் கூடம் வரை நடக்கவே 10 நிமிடம் ஆகலாம். அங்கே வரிசை கால் மணியிலும் நகரும்; உங்களுக்குச் சற்று முன்னால் இரண்டு பெரிய விமானங்கள் இறங்கியிருந்தால் ஒன்றரை மணி நேரமும் இழுக்கும். இந்த ஒரு கட்டத்தை மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் முழுத் திட்டமும் இதைச் சுற்றி அமைய வேண்டியிருக்கிறது.

பிறகு பெட்டி. விமானம் வந்து நின்று 15, 20 நிமிடத்தில் முதல் பெட்டி பெல்ட்டில் விழும். கடைசிப் பெட்டி வர 40 நிமிடத்துக்கு மேலும் ஆகும். அடுத்து சுங்கம், பிறகு ரயில் நிலையத்துக்கு நடை, டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் இன்னொரு வரிசை.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பயணம், கைப்பை மட்டும் என்றால் அரை மணி. உள்நாட்டுப் பயணத்தில் பெரிய பெட்டி இருந்தால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி. வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டியோடு வெளியே வர ஒன்றரை மணி; அதற்குப் பிறகு தவறவிடக் கூடாத ரயிலோ பஸ்ஸோ இருந்தால் இரண்டு மணி. இந்தக் கணக்குப்படி நீங்கள் வெளியே வரும்போது நள்ளிரவைத் தாண்டியிருக்கும். விமானம் சரியான நேரத்துக்கு வந்தாலே இதுதான் நிலைமை.

கடைசி ரயில் என்று படித்ததையும் ஒருமுறை சரிபாருங்கள். நள்ளிரவு 12.10-க்குக் கிளம்பும் ரயில் பல ஊர்களில் முந்தைய நாளின் அட்டவணையில் கடைசி வரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை நாளுக்கும் தனி அட்டவணை இருக்கலாம். தண்டவாளப் பராமரிப்பு வேலையை இரவில்தான் வைத்துக்கொள்வார்கள் என்பதால், கடைசி ஒன்றிரண்டு ரயில்கள் சில வாரங்களுக்கு நிறுத்தப்படுவதும் உண்டு. இன்னொன்று: அந்த ரயில் நகர மையத்தில் உங்களை இறக்கிவிடும்போது, அங்கிருந்து தங்குமிடத்துக்குப் போகும் மெட்ரோ மூடியிருந்தால் பாதி வழியில் டாக்ஸி தேட வேண்டிவரும்.

உங்கள் விமானம் வழக்கமாக எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. விமானங்களின் நடமாட்டத்தைக் காட்டும் தளங்களில் அதே விமான எண்ணைப் போட்டுக் கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் வருகை நேரத்தைப் பாருங்கள். ஏழு நாளில் நான்கு நாள் தாமதம் என்றால் உங்கள் நாளும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறியோடு 1 என்று இருந்தால் அது மறுநாள். நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம்தான்.

கேள்வி: ஒரே நகரத்துக்கு இரண்டு மூன்று விமான நிலையங்கள் காட்டுகிறார்களே, மலிவாக இருப்பதை எடுத்துவிடலாமா?

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். விமான நிலையத்தின் பெயரில் நகரத்தின் பெயர் இருப்பதால் அது நகரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாரிஸ் பெயரைத் தாங்கிய போவே நிலையம் பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் நிலையத்துக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நடுவே சுமார் 120 கி.மீ. டோக்கியோவின் ஹனேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நரிட்டாவோ 60 கி.மீ.க்கு மேல். இஸ்தான்புல்லில் ஒரு நிலையம் ஐரோப்பியக் கரையில், சபிஹா கோக்சென் நிலையம் ஆசியக் கரையில். தங்குமிடம் எந்தக் கரையில் என்று பார்க்காமல் டிக்கெட் எடுத்தால் நீரிணையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

டிக்கெட் விலையோடு நிலையத்திலிருந்து தங்குமிடம் வரைக்கான செலவைக் கூட்டி, பிறகு ஒப்பிடுங்கள். செலவை ஆள் எண்ணிக்கையால் பெருக்க மறக்க வேண்டாம். தொலைதூர நிலையங்களுக்கு ரயில் இல்லாமல் பஸ் மட்டும் இருக்கும். அந்த பஸ் விமான நேரங்களை ஒட்டி ஓடும். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் பஸ் காத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. திரும்பும் பயணத்திலும் கவனம் தேவை: அதிகாலை 6 மணி விமானத்துக்கு முதல் பஸ்ஸே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்று பாருங்கள்.

முன்பதிவில் ஊர் பெயரைப் படிப்பதோடு நிறுத்தாமல், மூன்று எழுத்துக் குறியீட்டைப் படியுங்கள். நகரத்துக்கென்று ஒரு பொதுக் குறியீடும் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிக் குறியீடும் உண்டு. பொதுக் குறியீட்டைக் கொண்டு தேடும்போது எல்லா நிலையங்களும் கலந்துதான் வரும். போகும்போது ஒரு நிலையம், வரும்போது இன்னொன்று என்று அமைந்துவிடுவது இதனால்தான். பாங்காக்கில் சுவர்ணபூமியில் இறங்கித் தோன் முயாங்கில் ஏற வேண்டிய பயணத்தை, ஒரே நிலையத்துக்குள் மாறுவது போல இரண்டு மணி நேர இடைவெளியில் வைத்துவிட்டால் நடக்காது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர், ஐந்து பெட்டிகள். ரயிலா, பஸ்ஸா, டாக்ஸியா?

தலையையும் பெட்டியையும் எண்ணுங்கள், பிறகு மணியைப் பாருங்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஆளுக்கு ஒரு டிக்கெட்; டாக்ஸிக்கு வண்டிக்கு ஒரு கட்டணம். தனியாக வருபவருக்கு ரயில் பெரும்பாலும் லாபம், நான்கு பேருக்கு டாக்ஸி ஏறக்குறைய சமமாக வந்துவிடும். ஆனால் ஐந்து பெட்டிகள் சாதாரணக் காரில் ஏறாது. டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகளும் இரண்டு சிறியவையும் போனாலே பெரிது. ஆட்களும் நான்கு பேர் என்றால் மடியில் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. செயலியில் ஏழு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வரிசையில் நிற்கும்போதே வேன் வேண்டும் என்று கேளுங்கள். ஏழு பேர் உட்கார்ந்தால் அந்த வண்டியிலும் பின்னால் பெட்டிக்கு இடமிருக்காது. கடைசி இருக்கையை மடித்தால்தான் இடம்.

அடுத்தது சாலை. காலையிலும் மாலையிலும் அலுவலக நெரிசல் நேரத்தில் டாக்ஸியின் 40 நிமிடம் இரண்டு மணி நேரமாக நீளும். தண்டவாளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே நேரத்தில் மெட்ரோவுக்குள் பெட்டியோடு நுழைவதும் சுலபமல்ல. விமான நிலையத்திலிருந்து ஏறும்போது ரயில் காலியாக இருக்கும், மூன்று நிலையம் தாண்டியதும் கூட்டம் நெருக்கித் தள்ளும். இறங்கும்போதுதான் சிரமம் தெரியும். கதவுக்கு அருகிலேயே நின்றுகொள்ளுங்கள். இறங்கும் நிலையத்தில் லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்துவைப்பது நல்லது. பழைய மெட்ரோக்களில் சில நிலையங்களில் படிக்கட்டைத் தவிர வேறு வழி இருக்காது.

விரைவு ரயில் என்ற பெயரைக் கண்டு உடனே டிக்கெட் எடுக்காதீர்கள். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கேள்வி. ஷாங்காயின் புதோங் நிலையத்திலிருந்து கிளம்பும் காந்த மிதவை ரயில் 30 கி.மீ. தூரத்தைச் சுமார் 8 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஆனால் அது முடியும் லோங்யாங் சாலை நிலையம் நகரின் நடு மையத்தில் இல்லை. அங்கே இறங்கி மெட்ரோ மாறித்தான் போக வேண்டும். லண்டன் ஹீத்ரோவில் விரைவு ரயில் 15 நிமிடத்தில் பேடிங்டன் நிலையத்தில் விடுகிறது. அதே பேடிங்டனுக்கு எலிசபெத் லைன் சுமார் அரை மணியில் போகிறது, கட்டணமும் குறைவு, அங்கே நிற்காமல் நகரின் நடுவே மேலும் செல்கிறது. தங்குமிடம் பேடிங்டனுக்குப் பக்கத்தில் இல்லை என்றால், விரைவு ரயிலில் மிச்சம் பிடித்த 15 நிமிடம் அடுத்த வண்டி மாறுவதிலேயே கரைந்துவிடும்.

டிக்கெட்டில் இரண்டு இடங்களில் தவறுவார்கள். ஒன்று, நகர நாள் பாஸை வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் ஏறிவிடுவது. நிலையம் வெளி மண்டலத்தில் இருந்தால் பாஸ் அங்கே செல்லாது. சிட்னியைப் போல, சாதாரணக் கட்டணத்துக்கு மேல் விமான நிலைய ஸ்டேஷனுக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் ஊர்களும் உண்டு. இரண்டு, கார்டைத் தட்டி நுழையும் ஊர்களில் நுழையும்போது போனையும் வெளியேறும்போது அட்டையையும் தட்டுவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்கானாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு பயணிகள். இரண்டிலுமே முடிவடையாத பயணம் என்று கணக்காகி, கூடுதல் பணம் போகும். எதைத் தட்டி உள்ளே போனீர்களோ அதையே தட்டி வெளியே வாருங்கள். ஒரே அட்டையை நான்கு பேருக்குத் தட்டுவதும் பல ஊர்களில் செல்லாது. ஆளுக்கு ஒன்று வேண்டும்.

எங்கள் பரிந்துரை பல சமயம் இரண்டையும் கலப்பதுதான். தங்குமிடத்துக்கு அருகில் உள்ள பெரிய நிலையம் வரை ரயில், கடைசி மூன்று கி.மீ.க்கு டாக்ஸி. நீண்ட தூரத்தின் நெரிசலும் இல்லை, பெட்டியோடு படி ஏறும் வேதனையும் இல்லை.

விமான நிலைய பஸ்ஸைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அடியில் பெட்டிகளுக்கு இடம் இருக்கும், பெரிய ஹோட்டல்களின் வாசலிலேயே நிற்கும் தடங்களும் உண்டு. பெட்டியை உள்ளே வைக்கும்போது சீட்டு கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் முதலில் இறங்குபவராக இருந்தால், பெட்டியை மற்றவர்களுடையதற்குப் பின்னால் தள்ளவிடாமல் ஓட்டுநரிடம் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: டாக்ஸியில் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

உங்களைத் தேடி வருபவரின் வண்டியில் ஏறாதீர்கள். வருகைக் கூடத்துக்குள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று பெட்டியைப் பிடிப்பவர், வரிசையில் நின்று முறைப்படி சவாரி எடுக்க முடியாதவராகவோ எடுக்க விரும்பாதவராகவோதான் இருப்பார். "ரயில் இன்று ஓடவில்லை", "உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது", "டாக்ஸி வரிசையில் இரண்டு மணி நேரம் ஆகும்" என்று எது சொன்னாலும் நிலையத்தின் தகவல் கவுன்ட்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். வழிகாட்டிப் பலகையைப் பார்த்து அதிகாரபூர்வ வரிசைக்கு நீங்களே நடந்து போங்கள்.

அந்த வரிசையில் கட்டணப் பலகை இருக்கும், படியுங்கள். மீட்டரா, முன்பணச் சீட்டா (ப்ரீபெய்ட்), நிலையான கட்டணமா என்று தெரிந்துவிடும். நிலையான கட்டணம் வைத்திருக்கும் ஊர்களில் அதற்கும் எல்லை உண்டு. ரோமில் அது ஔரேலியன் மதிலுக்கு உட்பட்ட பகுதிக்குத்தான். நியூயார்க் கென்னடி நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு நிலையான கட்டணம். வேறு பகுதிகளுக்கு மீட்டர். பாரிஸில் சேன் நதியின் எந்தக் கரை என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். இது வண்டிக்கான தொகை. ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டால் தவறு. சுங்கச்சாவடி, இரவு நேரம், விமான நிலையக் கட்டணம் என்று மீட்டருக்கு மேல் கேட்பது சில ஊர்களில் முறையானதே. அதுவும் பலகையில் எழுதியிருக்கும். எழுதாததைத் தர வேண்டியதில்லை.

முன்பணச் சீட்டு என்றால் இரண்டு பிரதி தருவார்கள். ஓட்டுநருக்கான பிரதியை இறங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். ஏறியதுமே வாங்கிக்கொண்டால் உங்கள் கையில் எதுவும் இல்லாமல் போகும்.

ஏறும் முன் வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மீட்டர் வண்டி கிளம்பியதும் பூஜ்யத்திலிருந்தோ அடிப்படைக் கட்டணத்திலிருந்தோ தொடங்குகிறதா என்று பாருங்கள். "மீட்டர் ரிப்பேர்" என்றால் இறங்கி அடுத்த வண்டிக்குப் போங்கள். வரிசையை விட்டு வெளியே போனபின் அது முடியாது. இறங்கும்போது முதலில் பெட்டிகள் வெளியே வரட்டும், பிறகு பணம். பெரிய நோட்டு கொடுத்தால் தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சிறிய நோட்டைக் காட்டி "இதைத்தான் தந்தீர்கள்" என்று சொல்லும் தந்திரம் பல ஊர்களில் ஒன்றுபோல நடக்கிறது.

கேள்வி: செயலியில் கார் புக் செய்தால் பிரச்சினை இல்லைதானே?

கட்டணத் தகராறு குறையும். வேறு பிரச்சினைகள் வரும். முதலாவது, இன்டர்நெட். பல நிலையங்களின் இலவச வைஃபை உங்கள் எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்தால்தான் திறக்கும். வெளிநாட்டில் ரோமிங் இல்லாத சிம்முக்கு அந்தக் குறியீடு வராது. சில நிலையங்களில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால் குறியீடு தரும் இயந்திரம் இருக்கும். வைஃபை கிடைத்தாலும் கார் நிற்கும் இடம் வரை அது பெரும்பாலும் எட்டாது. கதவைத் தாண்டியதும் தொடர்பு அறுந்து, ஓட்டுநர் எங்கே என்று தெரியாமல் நிற்பவர்கள் ஏராளம்.

அதனால் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) வாங்குவதாக இருந்தால் கிளம்பும் முன் வீட்டிலேயே போனில் ஏற்றிவிடுங்கள். ஏற்றுவதற்கே இன்டர்நெட் தேவை. க்யூஆர் குறியீடு அதே போனுக்குள் இருந்தால் ஸ்கேன் செய்யத் திண்டாட்டம், எனவே தாளிலோ இன்னொரு திரையிலோ இருக்கட்டும். சில திட்டங்களுக்கு ஏற்றிய நாளிலிருந்தே நாள் கணக்கு ஓடும். சிலவற்றுக்கு முதன்முதலில் அந்த நாட்டு நெட்வொர்க்கைப் பிடிக்கும்போது தொடங்கும். வாங்கும்போது படித்துக்கொள்ளுங்கள். வீட்டு சிம்மைக் கழற்றிவிட வேண்டாம். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். டேட்டா மட்டும் தரும் இ-சிம்முக்குத் தொலைபேசி எண் இருக்காது, ஆகவே ஓட்டுநர் அழைத்தால் வராது. செயலிக்குள் உள்ள செய்திப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள். கார் செயலியில் கணக்கு தொடங்குவதும் பணம் செலுத்தும் அட்டையைச் சேர்ப்பதும் ஊரில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஓடிபி கேட்கும் வேலை எதுவும் மறு ஊருக்குப் போய்ச் செய்வதாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, நேரம். பெல்ட்டில் பெட்டிக்காக நிற்கும்போதே புக் செய்துவிடாதீர்கள். இலவசக் காத்திருப்பு சில நிமிடங்கள்தான்; பிறகு நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும், அல்லது ஓட்டுநர் ரத்து செய்துவிட்டுப் போவார். பெட்டி கைக்கு வந்த பிறகு பட்டனை அழுத்துங்கள்.

மூன்றாவது, இடம். செயலி வண்டிகள் நிற்கும் இடம் டாக்ஸி வரிசையில் இருக்காது. மேல்தளம், கீழ்த்தளம், எதிரே உள்ள பார்க்கிங் கட்டடம் என்று எங்காவது தனியாக இருக்கும். தூண் எண்ணும் மண்டல எழுத்தும் போட்டிருப்பார்கள். அங்கே போய் நின்றுகொண்டு எண்ணைச் செய்தியாக அனுப்புங்கள். வண்டி வந்ததும் பதிவு எண்ணைச் சரிபாருங்கள், "யாரை அழைக்க வந்தீர்கள்?" என்று நீங்கள் கேளுங்கள், பெயரை அவர் சொல்லட்டும். அதன் பிறகுதான் செயலி காட்டும் PIN எண்ணைச் சொல்ல வேண்டும். "செயலியில் ரத்து செய்துவிட்டுக் கையில் பணமாகக் கொடுங்கள்" என்றால் ஏறவே வேண்டாம். ரத்தானதும் உங்கள் பயணத்துக்குப் பதிவே இல்லை.

பெயர்ப்பலகையோடு ஆள் வந்து நிற்கும் முன்பதிவு வண்டி என்றால், வருகை நேரத்தோடு விமான எண்ணையும் கொடுங்கள். எண் இருந்தால் தாமதத்தை அவர்களே கவனித்து வருவார்கள். இல்லையேல் நீங்கள் வானில் இருக்கும்போதே உங்களுக்கான காத்திருப்பு முடிந்துபோகும்.

கேள்வி: அப்பா, அம்மா முதல்முறையாக விமானத்தில் தனியாக வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆங்கிலம் வராது. என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

வீல்சேர் கேளுங்கள், தயக்கமே வேண்டாம். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிட வேண்டும். கேட்கும்போது அம்மாவால் படி ஏற முடியுமா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அவர்களிடம் மூன்று வகை உண்டு. நீண்ட தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்பது ஒன்று. படியும் ஏற முடியாது, இருக்கை வரை மெல்ல நடப்பார் என்பது இரண்டாவது. இருக்கை வரை கொண்டுபோய்விட வேண்டும் என்பது மூன்றாவது. விமானம் தள்ளி நின்று ஏணிப்படி வைத்தால் இந்த வித்தியாசம்தான் முக்கியமாகிறது. இரண்டாம் வகை என்று பதிவாகியிருந்தால் படி இறங்கச் சொல்லாமல், விமானக் கதவு வரை உயர்ந்து பயணியை இறக்கும் லிஃப்ட் வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

வீல்சேர் பதிவில் அம்மா பெயர் மட்டும் இருந்தால் அப்பா பிரிந்துவிடக்கூடும். இருவரும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். வீல்சேர் பயணிகளை விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள். உதவியாளர் வர மேலும் சில நிமிடம் ஆகும். அதனால் மற்றவர்கள் வெளியே வந்துவிட்டார்களே என்று பதற வேண்டாம். குடியேற்றச் சோதனையில் பெரும்பாலும் தனி வரிசை கிடைப்பதால் அந்த நேரம் ஈடாகிவிடும். உதவியாளர் பெட்டியை எடுத்துத் தந்து வெளிவாசல் வரை வருவார். நீங்கள் அதுவரை காத்திருந்து அங்கே பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: இருவர் பெயர், விமான எண், போகும் முகவரி, உங்கள் தொலைபேசி எண் நாட்டுக் குறியீட்டோடு, தங்கும் நாட்கள், திரும்பும் தேதி. மேலே தமிழிலும் கீழே அந்த ஊர் மொழியிலும் இருக்கட்டும். குடியேற்ற அதிகாரி கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அட்டையே பதில். திரும்பும் டிக்கெட்டின் அச்சுப் பிரதியையும் அதோடு வையுங்கள், பெட்டிக்குள் வைக்க வேண்டாம். சந்திக்கும் இடத்தை "வெளியே" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த டெர்மினல், எந்த வாசல் எண் என்று முடிவு செய்து, "நான் வரும்வரை அங்கேயே உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தேடி நடந்தால்தான் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: பெல்ட் நின்றுவிட்டது, பெட்டி வரவில்லை. உடனே என்ன செய்வது?

வெளியே போய்விடாதீர்கள். முதலில் பெல்ட்டின் ஓரங்களைப் பாருங்கள். நெரிசலில் ஊழியர்கள் பெட்டிகளை எடுத்துக் கீழே வரிசையாக வைத்திருப்பார்கள். பெரிய அளவுப் பொருட்களுக்குத் தனி வாசல் உண்டு, அங்கே பாருங்கள். உங்களுடையதைப் போலவே ஒரு பெட்டி கடைசிவரை சுற்றிக்கொண்டிருந்தால், அதன் உரிமையாளர் உங்களுடையதை எடுத்துப் போயிருக்கலாம். அதன் சீட்டில் உள்ள பெயரை ஊழியரிடம் காட்டுங்கள், விரைவில் தீரும்.

இல்லையென்றால் அதே கூடத்தில் உள்ள பெட்டி உதவி கவுன்ட்டருக்குப் போய், பெட்டி வராததற்கான அறிக்கையைப் பதிவு செய்யுங்கள். சுங்கத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். செக்-இன்னில் தந்த ஒட்டுச்சீட்டில் 10 இலக்க எண் இருக்கும், அதுதான் உங்கள் பெட்டியின் அடையாளம். சீட்டைக் காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தராதீர்கள். பெட்டியின் நிறம், அளவு, நிறுவனப் பெயர், உள்ளே மேலாக இருக்கும் இரண்டு பொருட்கள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டிவரும். கிளம்பும் முன் மூடிய பெட்டியையும் திறந்த பெட்டியையும் ஒரு படம் எடுத்துவைத்தால் இந்த இடத்தில் உதவும். அறிக்கையின் குறிப்பு எண் இல்லாமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். பெட்டியை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், நீங்கள் இரண்டு நாளில் வேறு ஊர் போவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். மாற்று உடை, பல் துலக்கி போன்ற அவசியப் பொருட்களை வாங்கினால் ரசீதை வையுங்கள்.

சர்வதேசப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில் காலக்கெடு கண்டிப்பானது. சேதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். 21 நாள் ஆகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். ஒரு பயணிக்கு நிறுவனம் தர வேண்டிய உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்.; எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அது உச்ச வரம்புதான், தானாகக் கிடைக்கும் தொகை அல்ல. இழப்பை நீங்கள்தான் காட்ட வேண்டும். கவுன்ட்டரில் பதிந்த அறிக்கை மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், நிறுவனத்துக்குத் தனியாகப் புகார் எழுதுங்கள்.

இதெல்லாம் நேராமல் இருக்க ஒரு சிறு வேலை: பழைய பயணத்தின் ஒட்டுச்சீட்டுகளை, சின்னப் பார்கோடு ஸ்டிக்கர் உட்பட, பெட்டியிலிருந்து கிழித்துவிடுங்கள். ஸ்கேனர் பழையதைப் படித்தால் பெட்டி வேறு பெல்ட்டுக்குப் போகும். செக்-இன்னில் சீட்டைக் கட்டும்போது பெரிதாக அச்சாகியிருக்கும் மூன்று எழுத்து உங்கள் கடைசி ஊருடையதா என்றும் பாருங்கள். வழியில் விமானம் மாறினாலும், அமெரிக்கா போன்ற நாடுகளில் முதலில் நுழையும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். சீட்டில் கடைசி ஊர் இருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: விமான நிலையத்தில் பணம் மாற்றலாமா?

டாக்ஸிக்கும் ஒரு நாள் செலவுக்கும் மட்டும். பணமாற்று கவுன்ட்டரைவிட வங்கியின் ஏடிஎம் பெரும்பாலும் நல்ல விலை தரும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவையுங்கள். ஏடிஎம் திரையிலோ கடை இயந்திரத்திலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் என்றால் மாற்று விலையை அந்த இயந்திரக்காரரே வைப்பார், உங்களுக்கு நஷ்டம்.

கேள்வி: வருகைப் படிவத்தை விமானத்தில் தருவார்களா?

பல நாடுகள் தாளை நிறுத்திவிட்டன. சிங்கப்பூர், மலேசியா, 2025 மே 1 முதல் தாய்லாந்து ஆகியவை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. மூன்றிலும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். மூன்றுமே இலவசம். பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசின் தளம் அல்ல, மூடிவிடுங்கள். தங்கும் முகவரியும் விமான எண்ணும் கேட்பார்கள். நிரப்பியதும் வரும் பக்கத்தைப் படமாகச் சேமியுங்கள். வரிசையில் நிற்கும்போது இன்டர்நெட் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு இறங்குகிறேன். விடியும்வரை விமான நிலையத்திலேயே இருக்கலாமா, ஹோட்டலுக்குப் போவதா? பெண், தனியாகப் பயணம்.

ஹோட்டல் என்றால் 14-ஆம் தேதி இரவுக்கு அறை எடுங்கள். 15-ஆம் தேதிக்கு எடுத்தால் அன்று பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். இந்தத் தேதிக் குழப்பத்தால் அதிகாலையில் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. 14-க்கு எடுத்தபின் "15 அதிகாலை 4 மணிக்குள் வருவேன், விமான எண் இது" என்று எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இல்லையென்றால் இரவு முழுக்க வராத விருந்தினர் என்று அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இரவில் வரவேற்பறையில் ஆள் இருப்பாரா, வாசல் பூட்டியிருந்தால் எந்த எண்ணில் அழைப்பது என்பதையும் கேளுங்கள். சிறிய விடுதிகளில் இதுதான் பெரிய சிக்கல்.

நிலையத்திலேயே இருப்பதென்றால் முதலில் அது இரவு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிய நிலையங்கள் கடைசி விமானத்துக்குப் பிறகு கதவைச் சாத்திவிடும். குடியேற்றச் சோதனைக்கு உட்புறம் உள்ள ஓய்வறைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெட்டி பெல்ட்டில் வந்து கிடக்கும், உங்களையும் வெளியேறச் சொல்லலாம். வெளியே வந்த பிறகு வருகைத் தளத்தைவிடப் புறப்பாட்டுத் தளம் நல்லது. அதிகாலை விமானங்களுக்கு வரும் குடும்பங்கள் அங்கே இருக்கும், வெளிச்சமும் பாதுகாவலரும் இருப்பார்கள், வண்டிக்கு ஆள் பிடிப்பவர்கள் அங்கே வருவது குறைவு. பெட்டியின் கைப்பிடியில் காலை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் எங்கள் கருத்து: வெளியே வர 3.30 ஆகிவிடும், முதல் ரயில் பல ஊர்களில் 5 முதல் 6 மணிக்குள். இரண்டு மணி நேரக் காத்திருப்புதான். தங்குமிடம் நகரின் மறுமுனையில் இருந்தால் புறப்பாட்டுத் தளத்தில் காத்திருந்து, முதல் ரயிலுக்குப் பதில் இரண்டாவதில் போங்கள். அதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் ஏறியிருப்பார்கள். அரை மணி தூரத்துக்குள் என்றால், விமான எண் கொடுத்து ஹோட்டல் மூலமே வண்டி சொல்லிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி. தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் வரம்பு 100. கைப்பையைக் கடைசி நேரத்தில் சரக்கறைக்கு வாங்கிக்கொண்டால், கொடுக்கும் முன் பவர் பேங்கை வெளியே எடுத்துவிடுங்கள்.